நானூற்றுப் பதினேழில் ஒரு வீடு

கொறங்காட்டுப்புதூரில் தறிச் சத்தம் ஓயாத தெரு ஒன்று இருந்தது. அந்தத் தெருவில் மாராத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் மகள் சிந்துஜா செத்து அறுபத்து மூன்றாம் நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, கை சும்மா இருக்கக் கூடாதே என்று ரிமோட்டை எடுத்து ஒவ்வோர் எண்ணாகத் தள்ளிக்கொண்டே போனவள், பாட்டும் செய்தியும் சாமியும் சமையலும் தீர்ந்து, நீலமாக வெறித்துக் கிடக்கும் காலி எண்களும் தீர்ந்து, நானூற்றுப் பதினேழுக்கு வந்தபோது, அங்கே சிந்துஜா உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

செத்து என்பது மாராத்தாளுக்குத் தெரிந்தது. ஓடிப்போய் அறுபத்து மூன்றாம் நாள் என்பது தெரு சொல்லிக்கொண்டது.

மாராத்தாள் அலறவில்லை. 'தோலை இத்தனை தடிமனாவா எடுக்கறது, பாதி வெங்காயம் குப்பைக்குப் போயிருமே' என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. படத்தில் ஒரு சின்ன வீடு இருந்தது. பச்சை வண்ணம் அடித்த சுவர், ஒரு ஜன்னல், தரையில் கோரைப்பாய், பாய்மேல் காலை நீட்டிக்கொண்டு சிந்துஜா. ஒலியை எவ்வளவு கூட்டியும் சத்தம் வரவில்லை. ஐந்து மணிக்கு அவள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள், படம் நீலமானது. மாராத்தாள் எழுந்து பக்கத்து வீட்டு ராசாமணியிடம் போய், "எங்கூட்டு டிவியில சிந்து வர்றா" என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்த ராசாமணி நிமிர்ந்து, "எந்தச் சேனல்லங்க்கா?" என்று கேட்டாள்.

நடந்தது இதுதான். சிந்துஜா நூல்மில் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்தாள். அதே ஆபீசில் லாரிகளுக்குச் சீட்டு எழுதிய சதானந்தன் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரன். கேட்டுக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இரண்டு பேரும் கல்யாணத்தைப் பதிவு செய்ய மனுக் கொடுத்த சேதி ஆவணி மாதத்தில் அவள் அப்பன் சென்னியப்பன் காதுக்கும் சித்தப்பன் குழந்தைவேல் காதுக்கும் வந்து சேர்ந்தது. ஒரு வியாழக்கிழமை, நடுப்பகல். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்தே கரண்டை நிறுத்தியிருந்தார்கள். தெருவின் இருநூறு விசைத்தறிகளும் ஓய்ந்து, பச்சைப்பிள்ளை தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கிற அமைதி. அந்த அமைதியில் சிந்துஜா மூன்று தடவை கத்தினாள். மூன்றாவது தடவை கத்தியது "அம்மா" என்று.

மாராத்தாள் ஏழு வீடு தள்ளித் தறிக்குடோனில் இருந்தாள். ஓடிவந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. திறந்தபோது சென்னியப்பன் சுவரோரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், குழந்தைவேல் அண்டாத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தான். அவள் மகளின் இரண்டு பாதங்களையும் மடியில் வைத்துக்கொண்டு, அவை சில்லிட்டுப் போகும்வரை உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள், கூடவே ஆறு மூட்டைப் பஞ்சுக்கழிவும் போனது. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது, இருநூறு தறியும் ஓடத் தொடங்கின. மறுநாள் தெருவில் யாரைக் கேட்டாலும், "தறி ஓடிட்டிருந்துச்சுங், ஒண்ணும் கேக்கலீங், அந்தப் புள்ள ஓடிப்போயிருச்சாமா" என்று ஒரே வாயாகச் சொன்னார்கள். மாராத்தாளும் அப்படித்தான் சொன்னாள். சொன்ன ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குள் வந்து உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தாள்.

அதனால், நானூற்றுப் பதினேழில் சிந்துஜா வந்ததும் தெருவே மூச்சு விட்டது. வேறு எந்த வீட்டிலும் அந்த எண்ணில் நீலம்தான் தெரிந்தது. மாராத்தாள் வீட்டில், ஒரு கால் உடைந்து அட்டையை மடித்து முட்டுக்கொடுத்திருந்த ஆறு வருசத்துப் பழைய கேபிள் பெட்டியில் மட்டும் அவள் வந்தாள். முதல் நாள் ராசாமணி வந்தாள், மூன்றாம் நாள் பதினைந்து பெண்கள் வந்தார்கள், ஐப்பசி முடிவதற்குள் நாலு மணி ஆனால் ஆணும் பெண்ணும் கூடத்திலும் வாசலிலும் நிரம்பி, கையோடு கொண்டுவந்த அவரைக்காயை நறுக்கிக்கொண்டும் பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டும் சிந்துஜா குடித்தனம் நடத்துவதைப் பார்த்தார்கள். எப்படி வருகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. புளியைக் கரைத்து ஊற்றுகிறாளா, அப்படியே போடுகிறாளா என்பதைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது.

சத்தம் இல்லாததும் ஒரு குறையாக இல்லை. தறிச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பெண்கள், எதிராளியின் உதடு அசைவதைப் பார்த்தே முழுப் பேச்சையும் அறிந்துகொள்கிறவர்கள். "உப்பு எடுத்தாரச் சொல்றா." "மழ வருமாட்டம் இருக்குதுங்கறா." "ஆருகிட்டயோ சிரிக்கறா." யாரிடம் சிரிக்கிறாள் என்பது மட்டும் தெரியவில்லை. சிந்துஜா இரண்டு தட்டு வைப்பாள். இரண்டாவது தட்டுக்கு எதிரே உட்கார்கிறவர் படத்துக்கு வெளியே இருந்தார். அது அந்தப் பையன்தான் என்று சிலரும், இல்லை, நம்ம சனத்திலேயே நல்ல மாப்பிள்ளையாகக் கிடைத்திருப்பான் என்று சிலரும் சண்டை போட்டார்கள்.

குழந்தைவேல் முதல் நாள் வாசற்படியோடு நின்றான்; சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. மூன்றாம் நாள் உள்ளே வந்து சுவரில் சாய்ந்தான். பத்தாம் நாள் அவனுக்கென்று முன்வரிசையில் ஒரு நாற்காலி போடப்பட்டது. அதற்குப் பிறகு அவன் டீக்கடையில் உரக்கச் சொல்லத் தொடங்கினான்: "எங்கண்ணன் மக ராணியாட்டம் இருக்கறா. வேணும்னா வந்து பாத்துக்கங்க." அவன் பொய் சொல்லவில்லை. நாலு மணிக்கு நாலு மணி பார்த்துப் பார்த்து, தன் கைகள் செய்ததை அவன் உண்மையாகவே மறந்துபோயிருந்தான். ஆவணியிலிருந்து கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் கிடந்த சென்னியப்பன் சோறு கேட்டான். மாராத்தாளுக்கும் பசித்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. மகளின் பாதம் சில்லிட்டதை அறிந்த அதே மடியில் தட்டை வைத்து, டிவியைப் பார்த்துக்கொண்டே அவளும் சாப்பிட்டாள், நாளைக்கு நாலு மணி எப்போது வரும் என்று அவளும் காத்திருந்தாள்.

மார்கழியில் சிந்துஜா புளியங்காயைக் கடித்தாள். "மாசமா இருக்கறா!" என்று ராசாமணி கத்த, கூடத்திலிருந்த பெண்கள் குலவையிட்டார்கள். வைகாசியில் அவளுக்கு வளைகாப்பு நடந்தது. டிவிக்கு முன்னால் மணைப்பலகை போட்டு, ஐந்து வகைச் சோறு கிண்டி, வளையல்களைத் திரைக்குக் கீழே அடுக்கினார்கள். சித்தப்பன் முறைக்குப் பச்சையும் சிவப்புமாக இரண்டு டஜன் வளையல்களைக் குழந்தைவேல் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தான். படத்துக்குள் சிந்துஜா ஒன்றும் அறியாமல் வயிற்றைத் தடவியபடி வெறுங்கையோடு உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தாள். மாராத்தாள் சமையல்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையை வாய்க்குள் திணித்து அழுதுவிட்டு, வந்தவர்களுக்குச் சோறு போட்டாள்.

வளைகாப்புச் சேதி ஊர் தாண்டிப் போனது. இரண்டு நாள் கழித்து ஒரு பகலில் அவளுக்கு ஒரு போன் வந்தது.

"அம்மா, நான் சதானந்தனுங்க. ஒசூர்ல இருந்து பேசறனுங்க."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அவ எங்கயோ போயிட்டான்னு ஸ்டேசன்ல சொன்னாங்க. என்னைய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான்னு சொன்னாங்க. நான் நம்பலீங்க. இப்ப டிவியில வர்றாளாமா. ரெண்டு தட்டு வெச்சுச் சோறு போடறாளாமா. நெசங்களா?"

"ஆமாங்கண்ணு."

வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. "நான் இங்க கம்பெனி கேண்டீன்ல தனியாத் தின்னுட்டிருக்கறனுங்க," என்றான் அவன். "அவ போடற சோறு எனக்கு வர்லீங்க. அப்ப அது ஆருக்குங்க? அம்மா, நீங்க அவளப் பெத்தவங்க. அவ இருக்கறாளா, இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. என்னால காத்துட்டிருக்க முடியலீங்க."

ஒன்பது மாதமாக ஊருக்குச் சொல்லிவந்த வாய் அவனிடம் பொய் சொல்ல வரவில்லை. "இல்ல சாமி," என்றாள் மாராத்தாள். "அவ இல்ல."

மறுநாளே அவள் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தாள். பெண் உதவி ஆய்வாளர் ஒருத்தி பொறுமையாகக் கேட்டாள், எழுதியும் கொண்டாள், நாலு மணிக்கு ஒரு ஏட்டையாவை ஜீப்பில் அனுப்பிவைத்தாள். ஏட்டையாவுக்குக் குழந்தைவேல் தன் நாற்காலியைக் கொடுத்தான். ஏட்டையா ஒரு மணி நேரமும் கண் எடுக்காமல் பார்த்தார், கையிலிருந்த போட்டோவோடு முகத்தை ஒத்துப் பார்த்தார், கடைசியில் எழுந்து, "ஏம்மா, புள்ள நல்லா மொழுமொழுன்னு இருக்குது. இன்னும் ரெண்டு மாசத்துல பேரப்பிள்ள வரப்போகுது. இதப் போயிச் செத்துப்போச்சுன்னு எப்பிடி எழுதறது?" என்றார். காகிதத்தில் 'உயிருடனும் நலமுடனும் காணப்பட்டார்' என்று எழுதி, சாட்சிக்கு ஏழு பேரிடம் கையெழுத்து வாங்கினார். ஏழாவது கையெழுத்து சென்னியப்பனுடையது.

அந்தச் சாயங்காலம் அவன் மாராத்தாளை அடிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏம்புள்ள, கண்ணுக்கு முன்னால இருக்கறவளக் கொல்லப் பாக்கறயே," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

ஆனி மாதம் பிறந்ததும் கேபிள்காரர் துரைராசு வீடு வீடாக வந்தார். கம்பெனி பழைய பெட்டிகளையெல்லாம் எடுக்கப்போகிறது; மாதக் கடைசியோடு பழைய சிக்னல் நின்றுவிடும்; பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசை வாங்கிக்கொள்ளலாம். புதுப் பெட்டி உள்ளங்கையகலம்தான், நெட்டில் ஓடுமாம், வாயால் கேட்ட படத்தைப் போடுமாம், கிரிக்கெட்டில் பந்தின் தையல்கூடத் தெரியுமாம். வேறொரு வருசமாக இருந்தால் தெரு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கும். அந்த வருசம் அவர் சொல்லி முடித்ததும் இழவுச் சேதி கேட்டதுபோல ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். "அப்ப சிந்து?" என்றாள் ராசாமணி. "மாசமா இருக்கற புள்ளைய நடுத்தெருவுல உடறதுங்களா?"

குழந்தைவேல் தலைமையில் பத்துப் பேர் டவுனுக்குப் போய்க் கம்பெனி மேனேஜரைப் பார்த்தார்கள். ஒரு லைனிலுள்ள அத்தனை இணைப்புக்காரர்களும் பழைய பெட்டியே போதும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த லைனை மட்டும் இன்னும் இரண்டு வருசம் விட்டுவைக்கிறோம் என்றார் அவர். தெருவில் மொத்தம் நாற்பத்தொரு இணைப்பு. நாற்பது வீட்டிலும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்கள். உலகக்கோப்பைக்கென்று சுவர் அகலத்துக்கு டிவி வாங்கி வைத்திருந்தவர்கள்கூட மறுபேச்சில்லாமல் போட்டார்கள். அந்த மாதிரி ஒற்றுமையாக அந்தத் தெரு அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் இருந்திருக்கிறது.

நாற்பத்தொன்றாவது மாராத்தாள். இணைப்பு அவள் பேரில் இருந்தது, அவள் போன் நம்பரில் இருந்தது. பழசே போதும் என்றால் அவள் கையெழுத்து வேண்டும். புதுசு வேண்டும் என்றால் அவள் போனுக்கு வருகிற எண்ணைத் துரைராசுவிடம் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தெருவே வந்து அவள் காலைச் சுற்றியது. "பேரனா பேத்தியான்னு பாக்க வேணாமுங்களாக்கா?" "பெத்தவளே இப்பிடி ரோசன பண்ணுனா எப்பிடிங்?" ராசாமணி அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். மாராத்தாளுக்குக் கெஞ்சுதல் தேவையாக இருக்கவில்லை. ஏட்டையா எழுதிய காகிதமும் சதானந்தனின் மூச்சும் ஒரு பக்கம் அழுத்தின; அந்தப் பச்சைச் சுவர் வீட்டில் தொட்டில் கட்டுவதற்காக விட்டத்தில் சிந்துஜா மாட்டிய கொக்கி மறுபக்கம் இழுத்தது. இன்னும் ஐம்பது நாள். பிள்ளை முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் எதையும் செய்யலாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு தடவை பார்த்தால் மறுதடவையும் பார்க்கத் தோன்றும், அது தவழும், நடக்கும், பள்ளிக்கூடம் போகும் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. புதன்கிழமை காலை துரைராசுவின் தாளை வாங்கி மடித்துச் சேலைச் செருகலில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் படம் பார்த்து முடிந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றிருந்தாள்.

அந்தப் புதன்கிழமை நாலு மணிக்குச் சிந்துஜா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தலை வாரினாள். அதுநாள்வரை பாதி மூடியே கிடந்த ஜன்னல் அது. திறந்ததும் எதிர்த்தாற்போல் இன்னொரு வீடு தெரிந்தது. அதே பச்சைச் சுவர், பூட்டிய கதவு, கதவில் 'வீடு காலி' என்று எழுதித் தொங்கவிட்ட அட்டை. கூட்டம் அதைப் பார்த்தது.

குழந்தைவேலுக்கு யாழினி என்று ஒரே மகள், கல்லூரியில் இரண்டாம் வருசம். திங்கட்கிழமை அவள் போனில் கூடப் படிக்கிற பையன் ஒருவனின் படம் இருந்ததை அவன் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து அவள் கல்லூரிக்குப் போகவில்லை. அவர்கள் வீட்டுப் பின்னறை வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தெருவுக்கு அது தெரியும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த குழந்தைவேல் திரையிலிருந்த அட்டையைப் பார்த்து, பேச்சோடு பேச்சாக, "பக்கத்து ஊடு சும்மாத்தான கெடக்குது. இன்னொருத்தியும் போயி இருந்துக்கலாமாட்ட இருக்குது," என்றான்.

யாரும் திடுக்கிடவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ராசாமணி, எறும்புக்கும் தீங்கு நினைக்காத ராசாமணி, தலையை நிமிர்த்தி, வாஞ்சையாகவே சொன்னாள்: "அதும் நல்லதுதானுங். யாழினி போனா அக்காளுக்குப் பேச்சுத் தொணையாச்சு, பிரசவத்துக்கு ஒரு ஆளாச்சு." இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

மாராத்தாள் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒரு முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. இனி ஒருத்தியைக் கொல்வதற்கு அவர்கள் பல்லைக் கடிக்க வேண்டியதில்லை, காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை. வெளியூருக்குப் பஸ் ஏற்றி அனுப்புவதுபோல அனுப்பிவிட்டு, மறுநாள் நாலு மணிக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். திரையில் சிந்துஜா சிக்கெடுத்து முடித்து, உதிர்ந்த மயிரைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். மாராத்தாள் கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், காதோரத்து மச்சத்தைப் பார்த்தாள், வயிற்றின் மேட்டைப் பார்த்தாள், பாயின் ஓரத்தில் மடக்கி வைத்திருந்த பாதங்களைப் பார்த்தாள். ஐந்து மணிக்கு நீலம் வந்தது. எல்லோரும் எழுந்து போன பிறகும் அவள் அந்த நீலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் துரைராசுவை வரச் சொன்னாள்.

"பழசே இருக்கட்டுங்களாக்கா?"

"புதுசு போடுங்க."

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க. ஒருக்கா மாத்திட்டா நான் தலகீழா நின்னாலும் திருப்பிக் கொண்டார முடியாதுங். உங்க ஒரு ஊடு போனா லைனே போயிரும். சனங்க என்னைய உட்டுருவாங்க, உங்கள உடமாட்டாங்க."

"தெரியுமுங்க."

போன் கிணுக்கென்றது. அவள் எழுத்துக் கூட்டுவதுபோல ஒவ்வோர் எண்ணாகப் படித்துச் சொன்னாள். ஆறாவது எண்ணுக்கு வந்ததும் ஒருதரம் டிவியைப் பார்த்தாள். அப்புறம் அதையும் சொன்னாள். துரைராசு பழைய பெட்டியின் வயர்களை உருவினார். பெட்டி இன்னும் கதகதப்பாக இருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிச் சற்று நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, திருப்பிக் கொடுத்தாள்.

நாலு மணிக்குக் கூட்டம் வந்தது. திரையில் 'நல்வரவு' என்று எழுத்து ஓடியது. அதன் கீழே ஆயிரம் படங்களின் முகங்கள் வரிசை வரிசையாக நின்றன. குழந்தைவேல் ரிமோட்டைப் பிடுங்கி நானூற்றுப் பதினேழை அழுத்தினான். ஒருவன் குக்கர் விற்றுக்கொண்டிருந்தான். மறுபடியும் அழுத்தினான், மறுபடியும் குக்கர்க்காரன் மூடியைத் திறந்து ஆவியைக் காட்டினான். அழுத்த அழுத்த அவன் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது.

"எங்க அவ?" என்றான். "அண்ணி, சிந்து எங்க?"

"நீ கொண்டுபோன எடத்துலதான்," என்றாள் மாராத்தாள்.

சென்னியப்பன் கூடத்தின் மூலையில், ஆவணி மாதத்தில் உட்கார்ந்திருந்த அதே சுவரோரம், தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். பத்து மாதமாக எங்கேயோ தேங்கிக் கிடந்தது ராசாமணியிடமிருந்துதான் முதலில் வெளிவந்தது. அவள் மாரில் ஓங்கி அறைந்துகொண்டு, "எஞ்சாமி, அன்னிக்குக் கரண்டே இல்லியே! நீ கூப்பிட்டது என்ர காதுல உளுந்துச்சே! நான் அடுப்புல பால வெச்சுட்டுப் பாலப் பாத்துட்டு நின்னனே!" என்று ஒப்பாரி எடுத்தாள். அவள் எடுத்ததும் இன்னொருத்தி எடுத்தாள், அப்புறம் இன்னொருத்தி. தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, அதையும் மீறித் தெருமுனை வரைக்கும் கேட்டது. சோறு கிண்டியவர்கள், வளையல் அடுக்கியவர்கள், குலவையிட்டவர்கள் எல்லோரும் செத்த பெண்ணுக்கு அழுவதுபோல, முதல் தடவையாக, அழுதார்கள். ஆண்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நழுவினார்கள்.

அழுகை ஓயுமுன் மாராத்தாள் எழுந்து நடந்தாள். பின்னால் பத்துப் பெண்கள் நடந்தார்கள். வழியில் ராசாமணி குழந்தைவேல் வீட்டுக்குள் நுழைந்து, பின்னறைத் தாழ்ப்பாளை நீக்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற யாழினியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டாள். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் ஸ்டேஷனில் இருந்தார்கள். உதவி ஆய்வாளர் பழைய காகிதத்தை எடுத்தாள். "அந்தப் பொண்ணு எங்க இருக்குதுன்னு இப்ப ஆராச்சும் காட்ட முடியுமா?" என்று கேட்டாள். பத்துப் பேரும் முடியாது என்று தலையாட்டினார்கள். அவள் அந்தக் காகிதத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டுப் புதுக் காகிதம் எடுத்தாள்.

மறுநாள் காலை சென்னியப்பன் தானாகவே போய்ச் சரணடைந்து, இடத்தைக் காட்டினான். மானாவாரி நிலத்தின் கோடியில், வேலிமுள் மண்டிய பள்ளத்தில், சாம்பலோடு கலந்து கிடந்ததை வெள்ளைத் துணியில் பொறுக்கினார்கள். ஒரு முறத்தில் அடங்கியது. குழந்தைவேலை மூன்றாம் நாள் பிடித்தார்கள். பரிசோதனைக்குப் போனது திரும்பி வந்த பிறகு, சதானந்தன் ஒசூரிலிருந்து வந்து, மாராத்தாளோடு பஸ்ஸில் ஆற்றுக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று கரைத்தான். திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டில் அவன் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவனுடைய பஸ்ஸில் ஏறினான்.

நல்லதாக முடிந்தது என்று சொல்ல முடியாது. சாட்சி சொன்ன பத்துப் பேரில் நாலு பேர் பின்னால் பின்வாங்கி, தறி ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். மற்ற ஆறு பேருக்கும் தெருவில் யாரும் தறி வேலை கொடுக்கவில்லை. மாராத்தாள் இரண்டு மைல் நடந்து அடுத்த ஊரில் நூல் சுற்றினாள். எல்லா வீட்டிலும் புதுப் பெட்டி வந்துவிட்டது. பந்தின் தையல் தெரிந்தது. இருந்தும் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொன்றவர்களை அவர்கள் மன்னித்திருந்தார்கள், சிந்துஜாவைத் திரையில் காட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தியவளைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஆவணியில் ஒருநாள், தண்ணீர்க் குழாயடியில் பக்கத்தில் யாரும் இல்லாதபோது, ராசாமணி கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், "இன்னேரம் பொறந்திருக்குங்களாக்கா?" என்று கேட்டாள். மாராத்தாள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை படுத்துக் கிடந்தாள்.

தை மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், யாழினி வந்தாள். அவள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தோளில் பையோடு வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"ஜெயில்ல அப்பாவப் பாத்துட்டு வர்றேன்," என்றாள். "எளச்சுப் போயிட்டாரு. என்னையப் பாத்து அழுவறாரு. உங்களாலதான் பெரியம்மா அவரு உள்ள கெடக்கறாரு."

"ஆமாங்கண்ணு."

"அவரு என்னைய ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாரு. எனக்குத் தெரியும். நீங்களா நெனச்சுட்டு எல்லாத்தையும் அழிச்சுட்டீங்க. அம்மா பைத்தியம் புடிச்சவளாட்டம் ஆயிட்டா. நான் உங்க மூஞ்சியில முழிக்கவே கூடாதுன்னு இருந்தேன். இதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"சொல்லு சாமி."

யாழினி பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். வெயிலில் வந்ததில் முகம் சிவந்து, மேலுதட்டில் வேர்வை பொடித்திருந்தது, மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. மாராத்தாள் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்க மாட்டாள் என்றுதான் நினைத்தாள். யாழினி வெடுக்கென்று வாங்கி, அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க மடக்கு மடக்கென்று குடித்து, சொம்பைப் படியில் டங்கென்று வைத்துவிட்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பி நடந்தாள். தெருவின் பாதிவரை போனவள் நின்று, செருப்பில் குத்திய முள்ளைக் குனிந்து பிடுங்கி எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மறுபடியும் விறுவிறுவென்று நடந்தாள். அத்தனை கோபத்தோடு, உயிரோடு, அவள் போய்த் தெருமுனையில் பஸ் ஏறுவதை மாராத்தாள் வாசலில் நின்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.